கொழும்பு நேரத்தில் ஆறு நோன்பு

நோன்பு பிறக்க நாலு நாள் இருக்கையில் அச்சிமுகம்மதுவின் வீட்டுக்குத் தபாலில் ஒரு நீளக் குழாய்ப் பொதி வந்தது. பழுப்புத் தாளில் சுற்றிச் சணல் நூலால் கட்டியிருந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. கொழும்பிலிருந்து அந்த வீட்டுக்கு எழுதுகிறவன் மூத்த மகன் காலிதீன் ஒருவன்தான்.

மகள் பரீனா நூலை அவிழ்த்துத் தாளை விரித்தாள். றமழான் மாதத்து முப்பது நாளுக்கும் விடியுமுன் உண்கிற ஸஹர் முடிகிற நேரம், நோன்பு திறக்கிற நேரம், தொழுகை நேரங்கள் எல்லாம் பச்சை மையில் கட்டம் கட்டமாக அச்சடித்த அட்டவணை அது. தலைப்பில் பிறையும் மினாறாவும். அடியில், அச்சடிப்பித்த புடவைக் கடையின் விளம்பரம். கூடவே மடித்த கடிதம் ஒன்று.

"இந்தத் தாளில் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒவ்வோர் எழுத்தும் நான் கோத்தது வாப்பா," என்று காலிதீன் எழுதியிருந்தான். "ஈய எழுத்துகளை இடம் வலமாக மாற்றி அடுக்க வேண்டும். முதலில் தலை சுற்றும். இப்போது நேரே வாசிப்பதைவிட மாற்றி வாசிப்பது எனக்கு இலேசு. முதலாளி பார்த்துவிட்டு ஒரேயொரு பிழைதான் திருத்தினார். மெசினிலிருந்து வந்த முதல் தாளை உங்களுக்கென்று எடுத்து வைத்தேன்."

"இன்னொருக்கா வாசி மகள்," என்றார் அச்சிமுகம்மது.

"மூணு தரம் வாசிச்சிட்டா," என்று குசினிக்குள் இருந்து மனைவி ஹாஜறா சொன்னாள். "நாலாந்தரம் வாசிச்சா எழுத்துத் தேஞ்சு போகும்."

அவள் அப்படிச் சொன்னாலும், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளின் ஓரத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

காலிதீன் கொழும்புக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அவன் போன காரணத்தை ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அச்சிமுகம்மதுவுக்கு அது ஒளித்து வைக்க வேண்டிய காரணமாக ஒருநாளும் தெரிந்ததில்லை. அவர் நிலச் சொந்தக்காரரான ஒரு போடியாரின் இருபது ஏக்கர் வயலுக்கு முல்லைக்காரர். விதைப்பிலிருந்து நெல் சூடடிப்பு வரை ஆட்களைச் சேர்த்து, வயற்குடிலான வாடியில் கிடந்து வேலை பார்த்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அந்த வேலையில் பேர் உண்டு, மரியாதை உண்டு. மகனுக்குக் கொடுப்பதற்கு மட்டும் அதில் ஒரு சாண் நிலமும் இல்லை. இருக்கிற ஒரே வீட்டு வளவு பரீனாவுக்கு. இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. ஆண் பிள்ளை தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் தான் முடிக்கிற பெண்ணின் வீட்டுக்குப் போகிறவன். அந்த வளவில் இப்போது கதவு நிலை வைத்து, சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிறதென்றால் அதில் பாதி காலிதீன் அச்சுக்கூடத்தில் நின்று சேர்த்தது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பயல், எழுத்தோடேயே பிழைக்கப் போனான். இதில் என்ன குறை?

குறை கண்டவர், ஹாஜறா காக்கா என்று அழைக்கிற அவளுடைய அண்ணன் அப்துல் ஹமீட். கல்முனைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மருமகன் காலிதீனைக் கடையில் இருத்தலாம் என்று எண்ணியிருந்தவர். பயல் பஸ் ஏறிய நாளிலிருந்து அவருக்கு அந்தக் கடுப்பு ஆறவில்லை. இப்போது அதற்கு மேலே பரீனாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்து கிடக்கிறது. கணிதத்தில் அவள் எடுத்த புள்ளியைப் பற்றி அதிபரே வீடு தேடி வந்து கதைத்துவிட்டுப் போனார். மாதம் முடிவதற்குள் வருகிறேன் என்று ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். ஆனால் தாய்மாமன் தலையசைக்காமல் ஒரு பெண் பிள்ளையின் காரியம் அந்தக் குடும்பத்தில் நடந்ததில்லை.

"ஒருத்தன அனுப்பினீங்க மச்சான்," என்று அப்துல் ஹமீட் சொல்லியிருந்தார். "பெருநாளைக்குப் பெருநாளைக்கு வந்து முகத்தக் காட்டிட்டுப் போறான். சரி, ஆம்புளப் புள்ள. இப்ப இவளையுமா? டவுணுக்குப் போறதுகளுக்கு நம்மட முகம் மறக்கா. நம்மட வழக்கம் மறந்து போகும். எனக்கு யோசிக்க நாள் தாங்க. ஒம்பதாம் நோன்பு, ஞாயித்துக்கிழம அசறுத் தொழுகைக்குப் பிறகு வாறன். வந்து சொல்றன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் வீடு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பரீனா பேராதனைக் கடிதத்தைத் தன் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள் என்பது ஹாஜறாவுக்கு மட்டும் தெரியும்.

அச்சிமுகம்மது அட்டவணையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவன் தாளை அளந்து பார்த்தான்.

"இந்த அகலத்துக்கு ரெடியா ஒரு பிறேம் கிடக்கு காக்கா. உயரம்தான் கொஞ்சம் பத்தா. அடியில ரெண்டு விரல்கட மடிக்கணும்."

"மடிச்சா என்ன மறையும்?"

"கடை விளம்பரம்தான்."

"மடி. என்ர மகன் கோத்த எழுத்தப் பார்க்கத்தான் பிறேம். அவங்கட புடவைய நான் ஏன் தொங்கப் போடுற?"

சிறுபோக நெல் வெட்டு அந்த வருடம் நோன்போடு சேர்ந்து வந்தது. அச்சிமுகம்மதுவும் எட்டு ஆட்களும் வெள்ளிக்கிழமை மாலையே வயலுக்குப் போய் வாடியில் தங்கினார்கள். சனிக்கிழமை முதல் நோன்பு. வாடியின் நடுக் கப்புத் தூணில் கண்ணாடிச் சட்டம் தொங்கியது. ஓலைக் கூரை, மண் தரை, மூலையில் நெல் அறுக்கிற தாக்கத்திகள், நடுவே பச்சை மையில் மினாறா.

"வாடிக்குப் பிறேம் போட்ட படம் கொண்டு வந்த முல்லைக்காரர் இந்த வயற்கண்டத்திலேயே நீங்க ஒரு ஆள்தான்," என்றான் றஸாக். ஆட்களில் இளையவன், வாய் ஓயாதவன்.

"படமில்லடா. நேரம்."

"நேரத்துக்கும் பிறேமா? நம்மட வாழ்க்கையில மணிக்கூட்டுக்கே கண்ணாடி உடைஞ்சு போய்த்தான் கிடக்கு."

முந்திய வருடங்களில் அவருக்கு அட்டவணையும் தேவைப்படவில்லை, மணிக்கூடும் தேவைப்படவில்லை. வயலுக்குப் பள்ளியின் நகரா முரசு கேட்காது. ஸஹர் சோற்றில் கை வைக்கும் முன் வரம்பில் ஏறி நின்று கிழக்கே பார்ப்பார். கடல் பக்கத்தில் அடிவானம் நெடுக வெள்ளை நூல் இழுத்தாற்போல் விரிந்தால், "கையைக் கழுவுங்கடா" என்பார். அவர் சொல்லுக்கு எட்டுப் பேரும் கழுவுவார்கள். முப்பது வருடப் பழக்கம். கண் பிசகியதில்லை.

இந்த வருடம் அவர் வரம்பில் ஏறவில்லை. காலிதீன் போன பெருநாளைக்கு வாங்கித் தந்த கைமணிக்கூட்டை றேடியோச் செய்திக்குச் சரிபண்ணி, விளக்கைத் தூக்கிச் சட்டத்தருகே பிடித்து வாசித்தார்.

"நாலு நாப்பத்தொண்டு வரைக்கும் கிடக்கு. ஆறுதலாச் சாப்பிடுங்க."

மூன்றாம் நோன்பன்று பக்கத்து வயல்காரர் அழகரெத்தினம் நெருப்புக் கேட்டு வாடிப் பக்கம் வந்தார். நற்பிட்டிமுனை ஆள். இருபது வருடமாக ஒரே வாய்க்காலில் தண்ணீர் பங்கிட்டவர்கள். நோன்பில்லாவிட்டாலும் இவர்களுடைய நோன்பு நேரம் அவருக்கு மனப்பாடம். வந்தவர் வாசலில் நின்று ஒரு தரம் வெளியே திரும்பிப் பார்த்தார், ஒரு தரம் உள்ளே பார்த்தார்.

"காக்கா, வெள்ளை விரிச்சிட்டுது. உங்கட ஆக்கள்ற கை இன்னும் சோத்துக்குள்ள கிடக்கு?"

"இன்னும் ஏழு நிமிஷம் இரிக்கி அழகரெத்தினம்."

"ஆரு சொன்னது?"

"இந்தா. என்ர மகன். கொழும்பில அச்சடிச்சு அனுப்பியிரிக்கான். ஒவ்வொரு எழுத்தும் அவன்ட கையால கோத்தது."

அழகரெத்தினம் கிட்ட வந்து பச்சை எழுத்தைப் பார்த்தார். நல்ல வேலை என்று மெய்யாகவே மெச்சினார். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். "கொழும்பில இன்னும் விடியாம இருக்கும் காக்கா. இஞ்ச விடிஞ்சு போச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். அச்சிமுகம்மதுவும் சிரித்தார். சிரித்தபடியே வாசலுக்கு வெளியே பார்த்தார். வெட்டிக் கிடந்த நெல் உப்பட்டிகளுக்கு அப்பால், தென்னை உச்சிகளுக்கு மேலே, நெடுக வெள்ளை. முப்பது வருடம் பார்த்த அதே வெள்ளை. அவர் அதைக் கண்டார். கண்டுவிட்டு, சட்டத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வாழைப்பழத்தை உரித்து வாயில் போட்டார்.

மாலையில் வேறொரு கூத்து. சூரியன் மேற்கே காட்டுக்குள் இறங்கிய பிறகும் அவர் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பார். ஆட்கள் கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு அவருடைய வாயைப் பார்ப்பார்கள்.

"சூரியன் வீட்ட போய்க் குளிச்சுப் படுத்திட்டுது," என்று றஸாக் முனகுவான். "நாங்க இன்னும் கஞ்சியில விழுற எறும்ப எண்ணிட்டு இரிக்கம்."

"எட்டு நிமிஷத்தில செத்துப் போக மாட்டாய். பொறு."

பொறுத்தார்கள். முல்லைக்காரர் சொல்.

வியாழக்கிழமை பின்னேரம், மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்காக எல்லோரும் ஊருக்கு வந்தார்கள். அச்சிமுகம்மது சட்டத்தைத் துவாயில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து வீட்டுச் சுவரில் மாட்டினார். ஹாஜறா பாயில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் தேசிக்காய்த் தண்ணியும் எடுத்து வைத்தாள். பள்ளியில் நகரா முழங்கியது. ஹாஜறாவும் பரீனாவும் நோன்பு திறந்தார்கள்.

அச்சிமுகம்மது பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"என்ன, திறங்களன்."

"இன்னும் எட்டு நிமிஷம் இரிக்கி. பள்ளியில முந்தி அடிச்சிட்டாங்க."

"பள்ளியிலயா?"

"பாங்கு சொல்ற மோதினார்ர மணிக்கூடு பிழையா இரிக்கும். நாளைக்குச் சொல்லணும்."

ஹாஜறா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஊர் முழுக்கத் திறந்திட்டுது. பாங்கும் சொல்லியாச்சு. நீங்க புடிக்கிறது அல்லாஹ்வுக்கு நோன்பா, மகனுக்கு நோன்பா?"

பரீனா எழுந்து சட்டத்தருகே போய் நின்று பார்த்தாள். பிறகு தன் புத்தகங்களுக்குள் இருந்து பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தை எடுத்து வந்து விளக்கடியில் விரித்தாள். கொழும்பில் ஒரு விரல், கல்முனையில் ஒரு விரல். நெடுங்கோட்டை எண்ணினாள்.

"வாப்பா, பள்ளி பிழையில்ல. நோன்பத் திறங்க."

அவளுடைய குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரைப் பழத்தை வாயில் போட வைத்தது.

"சூரியன் நமக்குத்தான் முதல்ல வருது. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். கொழும்புக்கும் நமக்கும் ரெண்டு பாகை. அப்ப எட்டு, ஒம்பது நிமிஷம். இது கொழும்பு நேரம்."

"அப்ப காலிதீன் பிழையாக் கோத்திட்டானா?"

அவள் சட்டத்தைக் கழற்றினாள். பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகத் தேங்காய்த் திருவலையின் நுனியால் நெம்பினாள். தாளை வெளியே எடுத்து, அடியில் மடிந்திருந்த இரண்டு விரற்கடையை நீவி விட்டாள். புடவைக் கடை விளம்பரத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'மேற்காணும் நேரங்கள் கொழும்புக்கு உரியவை. ஏனைய ஊரவர்கள் நிமிட வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்ளவும்.'

தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் நான் கோத்தது என்று எழுதியிருந்தான். அந்தக் கடைசி வரி இதுதான்.

அச்சிமுகம்மது கஞ்சியைத் தொடவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் என்று மனதுக்குள் போனார். மாலையில் பிந்தித் திறந்ததில் பாதகமில்லை, வயிறு காய்ந்ததுதான். காலையிலோ, பொழுது விடிந்த பிறகு தின்றிருக்கிறார்கள். ஆறு நாளும். ஒன்பது பேரும். அவர் ஒருவர் மட்டும், கண்ணால் கண்டுகொண்டே.

ஹாஜறாவுக்கும் விளங்கிவிட்டது. அவள் கணக்கில் வேறொன்றும் இருந்தது.

"இதக் காக்கா கேள்விப்பட்டா ஞாயித்துக்கிழமக் கதை முடிஞ்சிது," என்றாள் மெதுவாக. "ஆருக்கும் தெரியா. வயல்ல திண்டது, வயல்லயே கிடக்கட்டும். காக்கா வந்து போகட்டும். மறுகா, பெருநாள் கழிய ஆறுதலா ஆக்களுக்குச் சொல்லுங்களன். தவறின நோன்பப் புடிச்சுக் களாச் செய்யுறது எப்பிடியும் பெருநாளைக்குப் பிறகுதானே?"

அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. களாச் செய்ய நாள் கிடக்கிறது. மகளுடைய காரியத்துக்கு நாள் இல்லை. அச்சிமுகம்மது மகளைப் பார்த்தார். அவள் தேசப்படத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்ப விரித்து, திரும்ப மடித்தாள்.

"இல்ல," என்றார் கடைசியில். "ஞாயிறு கழிய நாங்க திரும்ப வயலுக்குப் போற. அவங்க திரும்பவும் என்ர வாயப் பார்த்துத்தான் கையக் கழுவுவாங்க. என்ர மகன் சொன்ன நேரம் எண்டு நான் சொன்னதுக்குத்தான் அவங்க திண்ட. இப்ப வாய மூடினா, அது என்ர மகன்ட பேருக்குப் பின்னால நான் ஒளிச்ச மாதிரி."

மறுநாள் காலையில் மௌலவியின் வீட்டுக்குப் போனார்.

"தெரியாமச் சாப்பிட்டவங்களுக்குக் குற்றமில்ல," என்றார் மௌலவி. "ஆனா அந்த நோன்பு நிறைவேறல்ல. ஆறையும் களாச் செய்யணும்."

"வெளுத்ததக் கண்ட ஒருத்தன் இருந்தா?"

"கண்டும் சாப்பிட்டானா?"

"ஓம்."

"அவன் களாவும் செய்யணும், அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பாவும் செய்யணும்." அந்த ஒருத்தன் யார் என்று மௌலவி கேட்கவில்லை.

ஜும்ஆ முடிந்து, பள்ளி முற்றத்து வேம்படியில் எட்டு ஆட்களையும் நிறுத்தி அச்சிமுகம்மது விசயத்தைச் சொன்னார். சட்டத்தின் மடிப்பையும் சொன்னார், அழகரெத்தினம் சொன்னபோது தான் வெள்ளையைக் கண்டதையும் சொன்னார். பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களும் கேட்கத்தான் செய்தார்கள்.

"பெருநாளைக்குப் பிறகு ஆறு நோன்பு புடிடா, நன்மைடா எண்டு என்ர உம்மா வருஷா வருஷம் சொல்லுவா," என்றான் றஸாக். "நானும் ஏலா எண்டு தட்டிக் கழிச்சிட்டு வாறன். இந்த முறை காக்கா கால்ல கயிறு போட்டுக் கட்டிட்டார்."

சிலர் சிரித்தார்கள். ஒருவர், ஆட்களில் மூத்தவர், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த போகத்துக்கு அவர் அந்த வாடிக்கு வரவில்லை. அதையும் அச்சிமுகம்மது ஏற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அசறுக்குப் பிறகு அப்துல் ஹமீட் வந்தார். வாசலில் நின்றே தொடங்கினார்.

"கொழும்பு நேரத்தில நோன்பு திறக்கிற வீடு இதுதானே? நான் தெரு மாறி வரல்லையே?"

"வாங்க மச்சான். இருங்க."

"கடையில சாமான் வாங்க வாற ஆளெல்லாம் இதத்தான் கதைக்கிற. நான் என்ன சொன்னன்? முகம் மறக்கா, வழக்கம் மறந்து போகும் எண்டன். ரெண்டு வருஷம்தான் ஆகுது. நம்மட ஊர்ல சூரியன் எப்ப வாற எண்டே அவனுக்கு மறந்து போச்சு. இதில இவளையும் அனுப்பி..."

அச்சிமுகம்மது, மச்சான் முழுவதும் சொல்லி முடிக்கும் வரைக்கும் இருந்தார். பிறகு அட்டவணையைச் சட்டமில்லாமல் அவர் மடியில் வைத்து, அடி வரியில் விரலை வைத்தார்.

"வாசிங்க."

அப்துல் ஹமீட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். மடிப்பின் கோடு அந்த வரிக்கு மேலே ஆழமாய்ப் பதிந்திருந்தது.

"அவன் மறக்கல்ல மச்சான். மறக்காமத்தான் கோத்து அனுப்பின. மூடி வெச்சவன் நான். விடிஞ்சதக் கண்ணால கண்டும் திண்டவன் நான். ஊர விட்டு ஒரு நாளும் போகாதவன் நான். ஏச்சு வேணுமெண்டா எனக்கு ஏசுங்க."

அப்துல் ஹமீட் தாளின் மடிப்பைக் கட்டை விரலால் நீவி விட்டார்.

"பரீனா," என்று கூப்பிட்டார் அச்சிமுகம்மது. "உன்ட தாளைக் கொண்டு வந்து மாமாட்டக் குடு."

வெள்ளியும் சனியும் இருந்து அவள் எழுதியிருந்தாள். கொப்பியின் நடுத்தாள், கோடு போட்டு முப்பது கட்டம். மேலே 'கல்முனை' என்று எழுதி, அடியில் பாலமுனை, பொத்துவில், மட்டக்களப்பு என்று பக்கத்து ஊர்களுக்குக் கூட்ட வேண்டியது, குறைக்க வேண்டியது. எழுத்து அண்ணனுடைய ஈய எழுத்தைப் போலவே நிமிர்ந்து நின்றது.

"இது நீ போட்ட கணக்கா?"

"ஓம் மாமா."

"சரியெண்டு எப்பிடித் தெரியும்?"

"இண்டைக்கு ஆறு இருபத்திரெண்டு மாமா. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

அவளுக்குத் தன் வாயால் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். அப்துல் ஹமீட் கைமணிக்கூட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார். ஹாஜறா பாய் விரித்தாள். நாலு பேரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அப்துல் ஹமீட் தாளைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். ஆறு இருபத்தொன்று. விநாடி ஊசி சுற்றி வந்தது. அச்சிமுகம்மது பழத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

ஊசி நேரே நின்றபோது நகரா முழங்கியது.

பிஸ்மி சொல்லிப் பழத்தைத் தின்றார்கள். அப்துல் ஹமீட் தேசிக்காய்த் தண்ணியைக் குடித்துவிட்டுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மஃரிபுக்குப் பள்ளிக்குப் போய்விட்டார். போகும்போது முடிவு எதையும் சொல்லவில்லை. பரீனா கஞ்சிக் கோப்பையைத் தொடாமல் இருந்தாள்.

தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்தே திரும்பி வந்தார்.

"மோதினார்ர கொப்பிய எடுப்பிச்சு ஒத்துப் பார்த்தன்," என்றார் இருக்கையில் இருந்தபடி. "பழைய கொப்பி. அவர்ட வாப்பா வருஷம் முழுக்கத் திகதிப்படி எழுதினது. முப்பது நாளில ரெண்டு நாள் ஒரு நிமிஷம் பேதம். அந்த ரெண்டையும் தான்தான் பிறகு கூட்டி மாத்தின எண்டு மோதினாரே சொல்ற." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பது வருஷக் கொப்பிய ரெண்டு நாளில போட்டிரிக்காள். எனக்கும் ஒண்டு எழுதித் தா மகள். கடையில தொங்கப் போடணும்."

"பிறேம் மட்டும் போடாதீங்க காக்கா," என்றாள் ஹாஜறா.

அவர் சிரித்தார். அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

"பேராதனைக்குப் போற கடிதம் எங்க? எங்க ஒப்பம் வைக்கிற? கொண்டு வா. விளக்கயும் கொண்டு வா."

பரீனா தலையணையை எடுக்க ஓடினாள்.

அட்டவணையின் பிரதி ஒன்று காலிதீனுக்கும் போயிற்று. 'தங்கச்சி போட்ட கணக்கு. அடுத்த நோன்புக்குக் கல்முனைக்கென்று தனியாகக் கோக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்,' என்று தகப்பன் சொல்ல மகள் எழுதினாள். முடியும் என்று பதில் வந்தது. தாளின் அடியில் இரண்டு பேருடைய பெயரையும் போடலாமா என்று அவன் கேட்டிருந்தான். அச்சிமுகம்மது அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தார்.

பெருநாள் கழிந்து அவர் ஐந்து நோன்பைக் களாச் செய்தார். ஆறாவதை, மகளைப் பேராதனையில் கொண்டுபோய் விடுகிற நாளைக்கென்று வைத்துக்கொண்டார். ஏன் என்று ஹாஜறா கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார்.

விடியற்காலை பஸ். அம்பாறை கடந்து, மகியங்கனை கடந்து, மலை வளைவுகளில் வாந்தியெடுத்தவர்களுக்கு இடம் விட்டு, பின்னேரம் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டியை விடுதிக்குள் கொடுத்தாயிற்று. பதிவும் முடிந்தது. விடுதி வாசலுக்கு எதிரே மரத்தடி வாங்குப் பலகையில் தகப்பனும் மகளும் இருந்தார்கள். சுற்றிலும் பெட்டியும் தகப்பன்மாருமாய் இருந்தது. ஹாஜறா முந்தானைத் துண்டில் முடிந்து கொடுத்த பேரீச்சம்பழம் அவர் கையில் இருந்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. வயல்காரனுடைய கண்ணுக்கு நோன்பு திறக்கலாம் போலத்தான் இருந்தது. அச்சிமுகம்மது மணிக்கூட்டைப் பார்க்கப் போனவர், கையை இறக்கிவிட்டு மகளைக் கேட்டார்.

"இப்ப திறக்கலாமா?"

"இல்ல வாப்பா. மலை மறைச்சிட்டு நிக்கிது. இன்னும் மறையல்ல. நம்மட ஊரவிட இஞ்ச அஞ்சு நிமிஷம் பிந்தும்."

"அஞ்சா?"

"அஞ்சு."

பக்கத்து வாங்கிலிருந்த ஒருவர், பொலநறுவைப் பக்கத்திலிருந்து மகளைக் கொண்டுவந்தவர், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிற மனுசனைக் கவனித்துவிட்டு, "நோன்பா நானா?" என்று கேட்டார்.

"ஓம். ஒண்டு பாக்கி கிடந்தது."

"பொழுது பட்டிட்டுதே."

அச்சிமுகம்மது முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"பட்டமாதிரித்தான் தெரியும். இன்னும் அஞ்சு நிமிஷம் இரிக்கி," என்றார். "என்ர மகள் பார்த்துச் சொன்ன. கல்முனை முழுக்க இப்ப இவட கணக்கிலதான் நோன்பு திறக்கிற."

"வாப்பா," என்று பரீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன வாப்பா? உள்ளதத்தானே சொல்றன்," என்றார் அவர். பழத்தை உள்ளங்கையில் வைத்தபடி, மகள் சொல்லும் வரைக்கும் காத்திருந்தார்.